கேட்கும் முன்பே கட்டி முடித்த வீடுகள்

எனக்கென்று ஒரு அடி நிலம்கூட இல்லாத காலத்தில் நான் கட்டிய வீடுகள் மொத்தம் பதினேழு. எல்லாம் காகிதத்தில்தான். சிங்காநல்லூரில் ஒரு நூற்பு மில்லில் மெயின்டனன்ஸ் மேஸ்திரியாக இருந்தேன். பழைய ஷிப்ட் ரிப்போர்ட் தாள்களை ஆபீசில் கட்டுக்கட்டாகத் தூக்கி எறிவார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். வேலை முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சு போகக் குளித்துவிட்டு, ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன் என்றால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நான் மேஸ்திரி இல்லை, பெரிய பங்களாக்காரன்.

“காசு ஒரு பொருட்டே இல்லேன்னு வெச்சுக்க,” என்றுதான் ஆரம்பிப்பேன். எதிரே என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டோ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். ரிட்டையர் ஆன பிறகு நாங்கள் இருவரும் எங்கே போய் இருக்கப்போகிறோம் என்பதுதான் விளையாட்டு. மில் குவார்ட்டர்ஸில் ஒன்றரை அறை வீடு எங்களுடையது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். பக்கத்து வீட்டில் தாளிக்கும்போது எங்கள் வீட்டில் தும்மல் வரும். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எட்டு அறை வீடு வரைவதில் ஒரு சுகம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

பவானியில் கூடுதுறைக்குச் சற்றுத் தள்ளி ஆற்றைப் பார்த்தாற்போல் ஒரு வீடு கட்டினேன். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று தோன்றியதும் அதை அப்படியே தூண்கள் மேல் தூக்கி நிறுத்தினேன். வால்பாறையில் ஒன்று கட்டினேன், அட்டைப்பூச்சி கடிக்கும் என்று யாரோ சொன்னதும் ஒரே வாரத்தில் கைவிட்டேன். கன்னியாகுமரியில் கட்டிய வீட்டுக்கு ஜன்னல் கம்பியெல்லாம் மரத்தில் போட்டேன், உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. காசைப் பற்றிக் கவலைப்படாத ஆள் துருவைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கக்கூடாது. மெயின்டனன்ஸ்காரன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். எங்கே சுற்றினாலும் கடைசியில் கோத்தகிரிக்குத்தான் வந்து நிற்பேன். பதினேழில் ஒன்பது வீடுகள் கோத்தகிரி மலையில் கட்டியவை.

ஒவ்வொன்றும் முடிந்ததும் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, எப்படி இருக்குது என்று கேட்பேன். எட்டிப் பார்த்து, நல்லா இருக்குதுங்க என்பாள். இங்கேயே போய் இருந்துவிடலாமா என்றால், ஆகட்டுங்க என்பாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு சட்டென்று பேசிவிட மாட்டார்கள். ஆகட்டுங்க என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவளுக்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற திருப்தியில் அடுத்த தாளை எடுப்பேன்.

அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவள் பிறந்தது பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில். எங்கள் பக்கத்தில் விவசாயக் குடும்பங்கள் பலவும் ஊருக்குள் இருப்பதில்லை. அவரவர் காட்டின் நடுவே வீட்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பார்கள், அதைத்தான் சாளை என்பது. நான் வரதராஜபுரத்து லைன் வீட்டில் ஒன்பது பேருக்கு நடுவே வளர்ந்தவன். பெண் பார்க்கப் போன அன்று அந்தச் சாளையைப் பார்த்து அசந்துபோனேன். சுற்றிலும் சோளக்காடு, ஒரு கிணறு, நாலு மாடு, காற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பெண்ணைப் பிடித்ததா, தோட்டத்தைப் பிடித்ததா என்று என் அண்ணன் அப்போதே கேலி செய்தார். இப்பேர்ப்பட்ட இடத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து பஞ்சுத் தூசியிலும் குழாயடிச் சண்டையிலும் போட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வு கல்யாணமான நாளிலிருந்தே எனக்கு உண்டு. என்றாவது ஒரு நாள் அந்த அமைதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். ரிட்டையர் ஆனால் மூன்று மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும் என்பது மில் சட்டம். விளையாட்டு போய் நிஜமாகவே எங்கே இருப்பது என்ற கேள்வி வந்து நின்றது. கடைசி நாளன்று மாலை போட்டுச் சால்வை போர்த்தியபின் முதலாளி என்னைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் வீடு வரையும் விஷயம் மில் முழுக்கத் தெரியும், அவருக்கும் எப்படியோ எட்டியிருக்கிறது.

கோத்தகிரிக்கு மேலே அவர்களுக்கு ஒரு பங்களா சும்மா கிடக்கிறது என்றார். பூட்டிப் போட்டால் பாழாகிறது, நம்பிக்கையான ஆள் ஒருவர் குடியிருந்தால் போதும், வாடகை என்ற பேச்சே வேண்டாம், எங்கள் காலம் முடிகிறவரை எங்கள் வீடு மாதிரி இருந்துகொள்ளலாம் என்றார். தோட்டக்காரர் சம்பளம், கரண்டு பில் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம். “ஒரு மாசம் போயி இருந்து பாருங்க மேஸ்திரி. புடிச்சுதுன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, சாவிய நீங்களே வெச்சுக்குங்க,” என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். ஒன்பது முறை காகிதத்தில் கட்டிய வீடு எழுந்து வந்து வாசலில் நிற்கிறது. அவள் கேட்டுவிட்டு, ஆகட்டுங்க என்றாள். எத்தனை போர்வை எடுத்துக்கொள்வது என்று உடனே யோசிக்கத் தொடங்கினாள்.

சித்திரை மாதம் போனோம். கீழே கோவை கொதித்துக்கொண்டிருந்தது. மேலே காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்கு வர முடியவில்லை. பங்களா நான் வரைந்த எதையும்விட நன்றாக இருந்தது. மரத் தரை, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள், முன்னால் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே மேகம். தோட்டக்காரர் காலையில் வந்து மதியத்தோடு போய்விடுவார். அதற்குப்பிறகு மனுச வாடையே இருக்காது. நான் முதல் வாரத்திலேயே ஆடுகிற கதவுகளை எல்லாம் நேராக்கினேன், தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் பூட்டினேன், நின்றுபோன சுவர்க் கடிகாரத்தை ஓடவைத்தேன். மாலையில் வராண்டாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், முப்பத்தைந்து வருசம் காதுக்குள் ஓடிய ஸ்பிண்டில் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவது தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. கீழேயிருந்து கொண்டுவர வேண்டிய சாமான்களுக்கு இரண்டாம் வாரமே பட்டியல் எழுதிவிட்டேன்.

அவளும் குறை ஒன்றும் சொல்லவில்லை. சமைத்தாள், துவைத்தாள், வராண்டாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. மலைக்காற்றுக்கு மனது அடங்கி வருகிறது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

பதினோராம் நாள் என் பெரியப்பா மகனும் அவர் மனைவியும் கல்யாணப் பத்திரிகையோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் கூப்பிட்ட கணக்கே இல்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு ஆளே நேரில் வந்து நிற்க வேண்டும். நாங்கள் மலையுச்சியில் போய் உட்கார்ந்ததற்காக அந்த வழக்கம் மாறிவிடுமா? மூன்று பஸ் மாறி, மேட்டுப்பாளையத்தில் அண்ணிக்கு வாந்தி வேறு வந்து, குளிரில் பல் தந்தியடிக்க வந்து சேர்ந்தார்கள். என் மனைவிக்கு அன்றைக்கு வந்த தெம்பைப் பார்க்க வேண்டும். தேங்காய்ப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டாள், விடிந்ததும் நாட்டுக்கோழி எங்கே கிடைக்கும் என்று தோட்டக்காரரை விரட்டினாள், யார் யாருக்கு என்ன முறை, எந்தச் சீருக்கு யார் வரவில்லை என்று அண்ணியிடம் ஒன்றுவிடாமல் கேட்டாள். மறுநாள் நாலு மணி பஸ்ஸுக்குத்தான் அவர்களை விட்டாள். வழியனுப்பப் போனவள் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று.

அதிலிருந்து தினமும் மூன்றரைக்குச் சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவாள். எங்கே என்றால், சும்மா நடந்துட்டு வாரேனுங்க என்பாள். முதலில் நல்லதுதான் என்று விட்டேன். ஐந்தாறு நாள் போனதும் எனக்கு உறுத்தியது. நடக்கிற ஆள் மேட்டுப் பக்கமும் போகலாம் அல்லவா, தினமும் ஒரே பள்ளத்துப் பாதையில், ஒரே நேரத்துக்கு என்ன நடை? எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அது ஊரறிந்த விஷயம். என்னிடம் சொல்லாமல் என்ன நடக்கிறது என்று இருபத்திரண்டாம் நாள் அவள் பின்னாலேயே நடந்தேன்.

அரை மைல் கீழே பஸ் திரும்புகிற இடம். ஒரு டீக்கடை, ஒரு சின்னப் பாலம், வேறொன்றும் இல்லை. ஒரு நாளைக்கு அங்கே வரை வருவது ஒரே பஸ், அதுவும் நாலு மணிக்கு. கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். அவள் பாலத்துச் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். பஸ் வந்தது. கூடையில் சேவலோடு ஒரு அம்மாள் இறங்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், தலையில் மண்ணெண்ணெய் கேனோடு ஒருவர், கைக்குழந்தைக்காரி ஒருத்தி. என் மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குழந்தைக்காரியின் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மலைக்கு வந்தபிறகு பங்களாவுக்குள் பார்த்திருக்கவில்லை, பத்திரிகை வந்த அந்த ஒரு நாளைத் தவிர.

டீக்கடையோரம் நின்ற என்னிடம் கண்டக்டர் வந்தார். அவளைக் காட்டி, நீங்கள் அந்த அக்காவின் வீட்டுக்காரரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “யாருங்க வரோணும்? பாவமுங்க, பத்து நாளா வந்து நிக்கறாங்க. முந்தாநாளு வண்டி லேட்டு, மழைலயே நின்னுட்டு இருந்தாங்க,” என்றார்.

எனக்கு மானமே போயிற்று. ஏதோ ஓடிப்போன பிள்ளைக்காகப் பெற்றவள் காத்து நிற்பதைப்போல அந்த ஆள் பேசுகிறார். பஸ் புறப்பட்டுப் போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு நேரே அவளிடம் போய், யார் வரவேண்டும் என்று கேட்டேன்.

“யாரும் வர வேண்டாமுங்க. எறங்கறவங்களப் பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க,” என்றாள்.

கோபம் இருந்தது, பிடித்துக்கொள்ள இடம்தான் இல்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். உனக்கு எங்கே இருக்கவேண்டும் என்று ஆசை, காசைப் பற்றிக் கவலை இல்லாமல் சொல்லு என்றேன். சிரிக்கக்கூடாது என்று முதலில் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

“நம்ம சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்பல, மாடில ஒரு ஊடுங்க. ஜன்னலத் தொறந்தா பஸ்ஸும் சனமும் தெரியோணும்.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். நான் பார்த்து அசந்த அந்தச் சாளையில் அவள் பதினெட்டு வருசம் இருந்தாளாம். ஆண்கள் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், அவளுடைய அம்மா மாட்டோடு போய்விடுவார், அடுத்த சாளை கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. சந்தை நாளன்று மட்டும் தடத்தில் நாலு பேர் போவார்கள். மற்ற நாளெல்லாம் கிணற்று மேட்டில் ஏறி நின்றால் தூரத்து ரோட்டில் பஸ் போகிற புழுதி தெரியுமாம், அதைப் பார்த்துவிட்டு இறங்கி வருவாளாம். கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரம் குழாயடியில் இரண்டு பேர் சண்டை போட்டபோது குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நின்று பார்த்தாளாம், அத்தனை சந்தோஷமாக இருந்ததாம். அந்தக் குழாயடிக்காக நான் அவளிடம் எத்தனை தடவை வருத்தப்பட்டுப் பேசியிருப்பேன் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்தால் எனக்கு அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரியும். “முப்பத்திநாலு வருசமா இத ஏன் சொல்லல?” என்று கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்க எப்பக் கேட்டாலும் ஊடு கட்டி முடிச்சுப்போட்டுத்தானுங்க கேட்டீங்க,” என்றாள்.

இரண்டு நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த மலையை விட மனமில்லை. ஆயுசுக்கும் இலவசமாக ஒரு பங்களா, அப்படி ஒரு காற்று, அப்படி ஒரு அமைதி. அவள் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உங்க இஷ்டமுங்க, நான் இருந்துக்குவேன் என்றுதான் சொன்னாள். நான் முதலாளியிடம் சரி என்று சொல்லியிருந்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இருந்திருப்பாள். தினமும் நாலு மணிக்குப் பாலத்துக்குப் போய்விட்டு வந்திருப்பாள்.

மூன்றாம் நாள் வழக்கம்போல மூன்றரைக்கு அவள் கிளம்பினாள். நான் வராண்டாவில் உட்கார்ந்தேன். மேகம் நன்றாக இருந்தது. காற்று நன்றாக இருந்தது. கால் மணி நேரத்துக்குள் இரண்டு தடவை எழுந்து கேட் வரை போய் வந்தேன். திரும்பி உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் அமைதி அமைதி என்று நான் அனுபவித்ததெல்லாம், உள்ளே அவள் பாத்திரம் உருட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே இருக்கிற அமைதி. அவள் இல்லாத வெறும் அமைதி எனக்கும் வேண்டியிருக்கவில்லை. அவள் பதினெட்டு வருசம் இருந்தது அதில்தான்.

மறுநாள் காலை பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிக்குப் போய் அங்கிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன். உடம்புக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, வீட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்க ஆசைப்படுகிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “எங்க ஊட்லயும் இதே கததானுங்க மேஸ்திரி. ரெண்டாம் நாளே பொட்டியக் கட்டிப்போட்டாங்க. இல்லீன்னா அத ஏன் பூட்டி வெச்சிருக்கறேன்?” என்றார். நினைத்த இடத்தில் எல்லாம் வீடு கட்டக்கூடிய மனிதர் அவர்.

ஆனி பிறக்கும் முன்பே சிங்காநல்லூரில் வீடு கிடைத்துவிட்டது. கீழே பேக்கரி, மேலே நாங்கள். இரண்டு அறை, ஒரு பெரிய ஜன்னல், எதிரே பஸ் ஸ்டாண்டு. திருச்சி, கரூர், மதுரை என்று கண்டக்டர்கள் கத்துகிற கத்தல் விடிகாலையிலேயே தொடங்கிவிடும். புகை வரும், தூசி வரும், ஏர் ஹாரன் அடித்தால் டம்ளர் அதிரும். நான் வாய் ஓயாமல் குறை சொன்னேன். ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது விசில் ஊதுகிறவன் தாளம் தப்பி ஊதுகிறான் என்றுகூடக் குறை சொன்னேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எந்த பஸ் எத்தனை நிமிசம் லேட் என்று ஒரே மாதத்தில் அவளுக்கு அத்துப்படி. கிழக்கே போகிற உறம்பரை, சொந்தபந்தம் யாராக இருந்தாலும், பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மாடியேறி வந்துவிடுவார்கள். பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கு எங்கள் வீடு முதல் வீடாகிவிட்டது. ஒரு முகூர்த்த மாதத்தில் வீட்டில் குவிந்த வெற்றிலையை என்ன செய்வதென்று தெரியாமல் பேக்கரிக்காரருக்குக் கொடுத்தோம்.

எனக்கும் மெதுவாகப் பழகியது. பழகியது என்ன, பிடித்துப்போனது. வேடிக்கை பார்ப்பதில் இவ்வளவு இருக்கிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருசம் ஐப்பசியில் ஒரு நாள் பொழுது சாய, மழை விட்டிருந்த நேரம். கீழே ஒரு கிழவர் குடையை மறந்து கரூர் பஸ்ஸில் ஏறிவிட, இன்னொருவர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பஸ் நின்று குடை போய்ச் சேரும்வரை அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்ச் சேர்ந்ததும் ஏதோ தன் வேலை முடிந்ததுபோல நிம்மதியாக வந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கேட்கத் தோன்றியது. இத்தனை வருசம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறதே.

“இதே மாதிரி வேற ஏதாச்சும் சொல்லாம வெச்சிருக்கறயா?” என்றேன்.

இல்லீங்க என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவசரப்படாமல் யோசித்தாள்.

“நெறைய இருக்குதுங்க,” என்றாள். “ஒண்ணொண்ணாச் சொல்றனுங்க. உங்களுக்கும் இப்ப வேல ஒண்ணும் இல்லீங்களே.”

இருட்டுகிற வரை சொன்னாள். பாதிக்கு மேல் என்னைப் பற்றித்தான்.